கத்திரி வெயிலிலும் தெர்மோஸ்டாட் வேண்டும்

‘‘நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குங்க? அது பனி பெய்யுற நாட்டுக்காரனுக்கு வெச்சது. கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க, வண்டி கூலா ஓடும்.’’

காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் பழைய கார், லோடு வண்டி வைத்திருக்கிற விவசாயிகளில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. பட்டறையில் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள், வண்டி விற்கிறவரே பெருமையாகச் சொல்வார்: ‘‘தெர்மோஸ்டாட் எல்லாம் எடுத்தாச்சு சார், ஹீட் பிரச்னையே வராது.’’ இது தப்பு என்பது என் கருத்து. ஏன் தப்பு, அந்த வால்வு கெட்டுப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மாற்றுவது என்று அனுபவத்தில் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியில் பம்ப்செட், பவர் டில்லர் பற்றியெல்லாம் கேட்கிறார்கள். கார் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, அது ஏதோ வசதியானவர்கள் சமாசாரம் என்பதுபோல. நிலைமை அப்படி இல்லை. பத்து, பதினைந்து வருடம் ஓடிய ஒரு கார் இன்றைக்கு மாட்டு வண்டிக்குப் பதில் நிற்கிறது. விடியற்காலை கத்திரிக்காய் மூட்டை அதில்தான் போகிறது. உர மூட்டை அதில்தான் வருகிறது. பிரசவ வலி எடுத்தாலும் அதுதான்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் மாவட்டம் பட்டுக்கும் கோயிலுக்கும் பேர் போனது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் வெளிவர ஆரம்பித்த பிறகு கார் தொழிலுக்கும் பேர் வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போனார்கள். நானும் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எட்டு வருடம் இருந்துவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதும் வாலாஜாபாத் பக்கத்தில் உள்ள எங்கள் ஒன்றரை ஏக்கருக்குத் திரும்பினேன். மெக்கானிக் தொழில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு வண்டிகளை நானே பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் இந்தத் தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிணற்று மோட்டாருக்குப் புட்வால்வு இருக்கிறது. தண்ணீரை ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. தெர்மோஸ்டாட்டும் வால்வுதான், ஆனால் இது சூட்டைப் பார்த்துத் திறக்கிற வால்வு. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் மூடியிருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். குறிப்பிட்ட சூடு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பும். மேட்டில் ஏறும்போது அதிகம் திறக்கும், இறக்கத்தில் குறைக்கும். எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்பதை அதன் உடம்பிலேயே அடித்திருப்பார்கள். 82 என்று இருந்தால் 82 டிகிரி செல்சியஸ். 76, 88 என்றும் உண்டு. அதற்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரி ஏறும்போது முழுசாகத் திறந்திருக்கும்.

இதற்குக் கரன்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. உள்ளே இருப்பது மெழுகு. ஒரு சின்னப் பித்தளைக் குப்பியில், சூடு வேகமாகப் பரவச் செம்புத்தூள் கலந்து அடைத்திருப்பார்கள். மெழுகு உருகினால் பருமன் கூடும். தேவாலயத்திலும் வீட்டிலும் மெழுகுவத்தி உருகி ஆறிய பிறகு நடுவில் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்களே, உருகியபோது அதிகமாக இருந்தது ஆறியதும் சுருங்கியதால் விழுந்த குழி அது. குப்பிக்குள் அடைத்த மெழுகுக்கு வேறு வழி இல்லாததால் ஒரு ஊசியை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலில் வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டுபிடித்த யோசனை இது. இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் அதேதான். அதற்கு முன் சீக்கிரம் ஆவியாகும் திரவத்தை மடிப்பு மடிப்பான பித்தளைக் கூட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். ரேடியேட்டரை மூடி அழுத்தத்தோடு ஓட்ட ஆரம்பித்தபோது அது சரிவரவில்லை. மெழுகு சரிவந்தது.

இனி ‘நம்ம வெயிலுக்கு எதுக்கு’ என்ற பேச்சுக்கு வருகிறேன். கத்திரி வெயிலில் வெளியே 42 டிகிரி என்றால் நமக்கு உயிர் போகிறது. இன்ஜினுக்கு அது குளிர். அதற்குத் தேவை 85, 90. 42-லிருந்து 90-க்கு அது ஏற வேண்டும், அங்கேயே நிற்கவும் வேண்டும். பனி ஊரில் சூடேற நேரம் கொஞ்சம் கூடும், நம் ஊரில் கொஞ்சம் குறையும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அண்ணன் வண்டி நின்ற கதை

போன வருடம் சித்திரையில் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கத்திரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். அய்யம்பேட்டை தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரம் கட்டினார். ரேடியேட்டர் பக்கத்து டப்பாவில் தண்ணீர் கொதித்து வழிந்தது. நல்லவேளை, ஓட்டிக்கொண்டே போகவில்லை, மூடியையும் திறக்கவில்லை. காயை ஆட்டோவில் மாற்றி அனுப்பினார். வண்டியைக் கயிறு கட்டி ஒரு பட்டறைக்கு இழுத்தார்கள். அங்கே பார்த்துவிட்டு, ‘‘ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும், ஃபேஸ் அடிக்கணும், நாற்பதாயிரம் வரைக்கும் ஆகும்’’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

நாற்பதாயிரம் என்பது அண்ணனுக்கு ஒரு போக நெல்லில் செலவு போகக் கையில் நிற்கும் பணத்தைவிட அதிகம். அண்ணியின் வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைக்கலாம் என்று பேச்சு வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் வந்தார்.

‘‘தம்பி, நீ ஒருமுறை வந்து பாக்குறியா? ஹெட்டை இறக்கிட்டா அப்புறம் வேண்டாம்னு சொல்ல முடியாது.’’

‘‘வண்டியை எடுத்துட்டு வந்துடுங்கண்ணே, மறுபடியும் கயிறு கட்டித்தான். ஸ்டார்ட் பண்ண வேணாம்.’’

அந்தப் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஹீட்டாகி வந்த வண்டியில் ஹெட் கேஸ்கட் போயிருப்பது உண்டு. ஆனால் அது கடைசியாக வரவேண்டிய முடிவு. அதற்கு முன் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

மறுநாள் காலை, இன்ஜின் நன்றாக ஆறியிருந்தபோது ஆரம்பித்தோம். முதலில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயிலில் தண்ணீர் கலந்தால் மோர் போலவோ பால் ஊற்றிய காபி போலவோ இருக்கும். இது கறுப்பாக, சுத்தமாக இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து (ஆறியிருந்ததால்தான் திறந்தேன்) குறைந்த தண்ணீரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டேன். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டரில் குமிழி குமிழியாக விடாமல் வரும். இதில் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. வாட்டர் பாடியிலிருந்து கசிவோ சத்தமோ இல்லை. ரேடியேட்டருக்கு முன்னால் தூசும் வைக்கோல் துணுக்கும் கொஞ்சம் இருந்தன, ஆனால் அடைக்கிற அளவுக்கு இல்லை.

மூடியைப் போட்டுவிட்டு, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே முள்ளைக் கவனிக்கச் சொன்னேன். இதுதான் முக்கியமான சோதனை, காசும் கிடையாது. நன்றாக இருக்கும் வண்டியில் முதல் சில நிமிடம் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருக்கும். முள் நடுவை நெருங்கும்போது தெர்மோஸ்டாட் திறந்ததும் திடீரென்று கை வைக்க முடியாத சூடு வரும். கொஞ்ச நேரத்தில் கீழ் ஹோஸும் சூடாகும். அண்ணன் வண்டியில் முள் முக்காலைத் தாண்டியும் மேல் ஹோஸ் கை பொறுக்கிற சூட்டிலேயே இருந்தது. கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணீர். ரேடியேட்டரில் கை வைத்தால் காலையில் கிணற்றடிக் கல்லைத் தொட்டது போல் இருந்தது. உடனே வண்டியை நிறுத்திவிட்டோம்.

இன்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கிறது என்றால் நடுவில் வழி அடைபட்டிருக்கிறது. வாட்டர் பாடி சுற்றாவிட்டாலும் இப்படி ஆகலாமே என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்விதான். நிறுத்துவதற்கு முன் ஏ.சி. திருகைச் சூடு பக்கம் வைத்து ஊதவிட்டுப் பார்த்திருந்தேன். நல்ல சூடான காற்று வந்தது. அப்படியென்றால் இன்ஜினுக்குள் தண்ணீர் சுற்றுகிறது, பம்பு வேலை செய்கிறது. ரேடியேட்டருக்குப் போகும் கதவுதான் திறக்கவில்லை. மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் மட்டும் குளிர்ந்திருந்தால் ரேடியேட்டரே அடைத்திருக்கிறது என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. பானெட்டைத் திறந்துவைத்து ஓடும் இன்ஜினில் கை விடும்போது துண்டு, லுங்கி நுனி, புடவைத் தலைப்பு எதுவும் தொங்கக் கூடாது. கரன்ட் ஃபேன் உள்ள கார்களில் சூடு ஏறியதும் அது சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும். அடுத்தது ரேடியேட்டர் மூடி. வீட்டு பிரஷர் குக்கரில் உள்ள தண்ணீர் 120 டிகிரி வரை ஏறுவது அழுத்தத்தால். ரேடியேட்டர் மூடியும் ஏறக்குறைய அதே அளவு அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. விசில் அடங்காத குக்கரைத் திறப்பீர்களா? சூடான வண்டியில் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். கொதிக்கிற இன்ஜின் மேல் குடம் தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது. ஹெட் வெடிக்கும், நாற்பதாயிரம் நிஜமாகவே செலவாகும்.

சாயப்பட்டறையில் சோதனை

ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு பேசினில் பிடித்தோம். துருவும் சுண்ணாம்புப் பொருக்குமாகச் செம்மண் கரைசல் போல வந்தது. போர் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றியிருக்கிறார்கள், அண்ணன் வாங்குவதற்கு முன் வைத்திருந்தவர்கள். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைப் பாத்திரத்தில் காய்ச்சினாலே அடியில் வெள்ளை படியும். இன்ஜினுக்குள் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

மேல் ஹோஸ் இன்ஜினோடு சேரும் இடத்தில் இரண்டு போல்ட் போட்ட ஒரு அலுமினிய மூடி இருக்கும். அதற்குள்தான் தெர்மோஸ்டாட். (சில வண்டிகளில் கீழ் ஹோஸ் பக்கம், வாட்டர் பாடியை ஒட்டி இருக்கும். உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.) ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி, போல்ட்டுகளைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்தோம். வால்வின் விளிம்பெல்லாம் பொருக்கு.

அதைச் சோதிக்க வீட்டு அடுப்பே போதும். ஆனால் அன்றைக்கு எனக்குத் தெர்மாமீட்டர் வேண்டியிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் என் பள்ளிக்கூடத்து நண்பரிடம் போனேன். பட்டு நூலைச் சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள். நூல் மேல் உள்ள பசை கரைந்து, எடையில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். அதன் பிறகுதான் பட்டுக்குப் பளபளப்பு. அந்தத் தொட்டித் தண்ணீர் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழேயே நிற்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் நூல் பிசிறும், சூடு குறைந்தால் பசை போகாது. சூட்டை ஒரு இடத்தில் நிறுத்துவது எவ்வளவு முக்கியம் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘‘இன்ஜினுக்கும் பதம் உண்டா?’’ என்று மட்டும் கேட்டார்.

சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தோம். வழியில் வாங்கிவந்த புதுத் தெர்மோஸ்டாட்டின் வால்வை விரலால் அழுத்தித் திறந்து, அந்த இடுக்கில் ஒரு நூலைச் சொருகி மூடவிட்டுத் தொங்கவிட்டேன். பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீருக்கு நடுவில் தொங்க வேண்டும். அடியைத் தொட்டால் அடுப்புச் சூட்டையே அது பார்க்கும். பக்கத்தில் தெர்மாமீட்டர். 83 டிகிரியில் வால்வு வாய் திறந்து நூலை விட்டது, தெர்மோஸ்டாட் ‘ணங்’ என்று அடியில் விழுந்தது. அதில் அடித்திருந்தது 82. ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே இருப்பது சகஜம். 95-ஐத் தாண்டியபோது வால்வு முழுசாக விலகி, சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்கு வழி தெரிந்தது.

பழையதையும் அப்படியே தொங்கவிட்டோம். 82, 90, 95... நூல் அப்படியே இருந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் விழவில்லை. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு மயிரிழை விலகியிருந்தது, அவ்வளவுதான். குப்பிக்குள் மெழுகு கசிந்திருக்கலாம், பொருக்கு பிடித்து இறுகியிருக்கலாம். எதுவானாலும் அது செத்த பொருள்.

உங்களிடம் தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கொதிக்கிற தண்ணீரில் திறக்காத தெர்மோஸ்டாட் கெட்டுப்போனது. ஆறிய பிறகு மூடாமல் வெளிச்சம் தெரிகிற தெர்மோஸ்டாட்டும் கெட்டுப்போனது. இந்த இரண்டையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கடையில் வாங்கிய புதிதையும் மாட்டுவதற்கு முன் ஒருமுறை வேகவைத்துப் பாருங்கள். புதிதிலும் கோளாறு வருவதுண்டு. பழைய உதிரிபாகம் வாங்கச் சென்னை புதுப்பேட்டைக்குப் போகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கதவு, கண்ணாடி, ரிம் வாங்கலாம். தெர்மோஸ்டாட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். உங்கள் வண்டிக்கு என்ன எண் குறித்திருக்கிறதோ அதே எண்ணில் வாங்குங்கள். ‘‘குறைஞ்ச டிகிரி போட்டா இன்னும் கூல்’’ என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மாட்டுவதில் நான்கைந்து விஷயம் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங்கும் குப்பியும் இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சூடான தண்ணீர் குப்பியைத் தொடாது, திறக்காது. தட்டில் ஒரு சின்னத் துளையும் அதில் ஆடுகிற ஊசியும் இருந்தால் அது மேல் பக்கமாக வரவேண்டும். காற்று வெளியேற வைத்த வழி அது. பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. பேக்கிங்கோ ரப்பர் வளையமோ, கட்டாயம் புதிது. போல்ட்டை ஒரே பக்கம் முறுக்காமல் மாற்றி மாற்றி, அளவாக முறுக்குங்கள். அந்த மூடி அலுமினியம். டிராக்டர் நட்டை முறுக்குகிற கை அதற்கு ஆகாது.

பிறகு ஏர் லாக். இதை விவசாயிக்கு விளக்கவே வேண்டாம். பிரைமிங் சரியில்லாத பம்பு என்ன பாடு படுத்தும் என்று நமக்குத் தெரியும். கார் இன்ஜினிலும் அதே கதைதான். தெர்மோஸ்டாட்டைச் சுற்றி காற்று நின்றால் அது சூட்டை உணராது, புது வால்வு போட்டும் ஹீட்டாகிறதே என்று தலையில் கை வைக்க வேண்டிவரும். வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் மேடாக நிற்கட்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரைச் சூடு பக்கம் திருப்பி, மெதுவாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து ஓடவிட்டால் குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே வாருங்கள். மேல் ஹோஸ் சூடேறி, குமிழி நின்ற பிறகு மூடியைப் போடலாம். மறுநாள் காலை ஆறிய பின் மட்டத்தை இன்னொருமுறை பாருங்கள்.

அண்ணன் வண்டிக்குத் தெர்மோஸ்டாட், பேக்கிங், கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. அதில் தெர்மோஸ்டாட் மட்டும் 480 ரூபாய். அண்ணி வளையல் கையிலேயே இருக்கிறது.

கழற்றிவிட்டால் என்ன ஆகும்?

தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தபோதே பக்கத்து நிலத்துக்காரர் வந்து, ‘‘அதையே எடுத்துப் போட்டுட்டு ஓட்டலாமே, எதுக்கு 480 ரூபாய்?’’ என்றார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நடுரோட்டில் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டு, பக்கத்தில் கடையும் இல்லையென்றால், கழற்றிவிட்டு வீடு வந்து சேரலாம். அந்த அவசர வைத்தியம்தான் பட்டறைகளில் நிரந்தர வைத்தியமாகிவிட்டது.

பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேலே ரேடியேட்டர் வழி திறக்கும்போது, கீழே அந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடும். அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றுகிற குறுக்கு வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். வாய்க்காலில் மடையைப் பிடுங்கிவிட்ட மாதிரி, பாதித் தண்ணீர் வயலுக்குப் போகாமல் திரும்ப ஓடும். வெறும் வண்டியாகப் போகும்போது தெரியாது. மூட்டை ஏற்றி, ஏ.சி. போட்டு, மே மாத மதியத்தில் மேடு ஏறும்போது ஹீட்டாகும். கூலாக ஓடும் என்று கழற்றிய வண்டி, தேவைப்படும் நேரத்தில் கொதிக்கும். (‘தண்ணி வேகமா ஓடினா ரேடியேட்டர்ல ஆற நேரம் இருக்காது’ என்று சிலர் காரணம் சொல்வார்கள். அது சரியில்லை. வேகமாகச் சுற்றுவதால் ஆறுவது குறையாது. குறுக்கு வழிதான் காரணம்.)

மற்ற நேரங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. இன்ஜின் சூடே ஏறாமல் ஓடும். அதனால் வரும் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் யாரும் கவலைப்படுவதில்லை. நான் வாங்கிய பழைய டீசல் காரில் முன்பே தெர்மோஸ்டாட்டை எடுத்திருந்தார்கள். மார்கழிக் காலையில் காஞ்சிபுரம் போய்ச் சேரும்வரை முள் காலைத் தாண்டாது. குளிர்ந்த இன்ஜினில் எரிபொருள் சரியாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது, அடியில் சகதியாகும். ரிங், போர் தேயும். பெட்ரோல் காரில் கம்ப்யூட்டர் ‘இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது’ என்று நினைத்துப் பெட்ரோலை அதிகமாக விட்டுக்கொண்டே இருக்கும். என் வண்டியில் புதிதாகத் தெர்மோஸ்டாட் போட்ட பிறகு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடியது 16 ஆனது. முழுக்க இதனால்தான் என்று சொல்ல மாட்டேன், அதே வாரம் ஏர் ஃபில்டரையும் மாற்றினேன். ஆனால் முள் இப்போது ஏழெட்டு நிமிடத்தில் நடுவுக்கு வந்து அங்கேயே நிற்கிறது.

முள்ளே இல்லாத கார்களும் உண்டு. நீல விளக்கு எரிந்தால் குளிர்ந்திருக்கிறது, சிவப்பு எரிந்தால் கொதிக்கிறது. நீல விளக்கு பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகும் அணையவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறதா, யாராவது எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். புதிய கார்களில் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி 0128 என்று வந்தால் அதற்கும் இதுவே பொருள்: தெர்மோஸ்டாட் வேலை செய்யும் சூட்டுக்கு இன்ஜின் வந்து சேரவில்லை. சென்சார் கெட்டாலும் கூலன்ட் குறைந்தாலும் இதே எண் வரலாம் என்பதால், எண்ணைப் பார்த்ததும் பொருளை வாங்கிவிடாதீர்கள். ஹோஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வயர் இணைப்போடு வரும் தெர்மோஸ்டாட் உள்ள கார் என்றால் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

கூலன்ட் பற்றி இரண்டு வார்த்தை. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கலந்து விற்கும் கூலன்ட்டை அப்படியே ஊற்றலாம், கெட்டியாக வாங்கினால் டப்பாவில் சொன்ன அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். அது துருவைத் தடுக்கும், கொதிநிலையை உயர்த்தும். ஆனால் கூலன்ட்டில் இருக்கும் எத்திலின் கிளைக்கால் விஷம். இனிப்பாகவும் இருக்கும், அதுதான் ஆபத்து. வடித்த கூலன்ட்டைப் பேசினில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் நாய் நக்கும், கன்றுக்குட்டி வாய் வைக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் போய்விடும், பிழைப்பது கஷ்டம். வண்டி வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளையும் விடாதீர்கள். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். நான் பழைய கேனில் அடைத்து, மேலே எழுதி ஒட்டி, பழைய ஆயில் வாங்கும் சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுகிறேன்.

டிராக்டருக்கும் இதெல்லாம் பொருந்தும். தண்ணீரில் குளிரும் டிராக்டர் இன்ஜின்களிலும் தெர்மோஸ்டாட் உண்டு, அங்கேயும் கழற்றி எறியும் பழக்கம் உண்டு. ஆனால் அறுவடைக் காலத்தில் டிராக்டர் ஹீட்டானால் முதலில் தெர்மோஸ்டாட்டைத் தேடாதீர்கள். ரேடியேட்டர் முன்னால் உள்ள வலையில் பதரும் வைக்கோல் தூசும் அடைத்திருக்கும். உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஊதிவிட்டால் பாதிக் கேஸ் அங்கேயே தீரும்.

உங்கள் வண்டி ஹீட்டாவது பற்றி இந்த இதழுக்குக் கேள்வி எழுதுகிறவர்கள் ‘ஹீட் ஆகிறது, என்ன செய்யலாம்’ என்று ஒரு வரியில் நிறுத்திவிடாதீர்கள். வண்டி பெட்ரோலா, டீசலா, எந்த வருடம், காலையில் ஸ்டார்ட் செய்தால் எத்தனை நிமிடத்தில் முள் நடுவுக்கு வருகிறது, அப்போது மேல் ஹோஸ் எப்படி, கீழ் ஹோஸ் எப்படி, ஆயில் கம்பியில் என்ன நிறம், மாதத்துக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது என்று எழுதுங்கள். இவ்வளவும் இருந்தால் வண்டியைப் பார்க்காமலேயே பெரும்பாலும் பதில் சொல்லிவிடலாம்.